வெற்றிடக் குழாய் ஊர்தி

பல்லாவரத்துக் குன்றின்மேல் ஏறி நின்று காண்போர்க்கு இருவகைப் போக்குவரத்து ஒருங்கே புலப்படும். கீழே, சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார வண்டிகள் ஓயாது ஓடுகின்றன. தென்னிந்தியாவில் முதன்முதலாக, 1931ஆம் ஆண்டில், மின்வண்டி ஓடிய வழித்தடம் இதுவே. சற்று வடக்கே, மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து விமானங்கள் எழும்புகின்றன. இவ்வூரிலேதான் 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர் பழைய கற்காலக் கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். அக்கோடரியைச் செதுக்கிய மனிதனுக்குக் கால்களே ஊர்தி!

இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கேளம்பாக்கத்தை அடுத்த தையூரில், மூன்றாவது வகை ஊர்திக்கான முயற்சி நடைபெறுகின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தையூர் வளாகத்தில், இரயில்வே அமைச்சகத்தின் உதவியுடன், 422 மீட்டர் நீளமுள்ள குழாய்ப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அது கட்டி முடிந்த செய்தி 2024 டிசம்பரில் வெளியாயிற்று. இவ்வூர்திக்கு ‘ஹைப்பர்லூப்’ என்று பெயர். இத்தகைய ஊர்தியால் சென்னையிலிருந்து பெங்களூருக்கு அரை மணியில் செல்லலாம் என்கின்றனர். இக்கூற்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

விரைந்து செல்லும் எப்பொருளுக்கும் காற்றே பெரும் பகை. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்ல வேண்டிய திறனோ எட்டு மடங்காகும். இதனால், புகைவண்டியின் வேகத்தை விருப்பம்போல் உயர்த்திக்கொண்டே போக இயலாது. விமானம் இவ்விடரை வேறு வகையில் கடக்கின்றது. அது 10 கிலோமீட்டர் உயரத்திற்கு ஏறிச் சென்று, தரைமட்டத்தில் உள்ளதைப்போல் மூன்றில் ஒரு பங்கே அடர்த்தியுள்ள காற்றினூடே பறக்கின்றது. காற்று மெலிந்த இடத்தை விமானம் நாடிச் செல்கின்றது. குழாய் ஊர்தியோ, தான் செல்லும் இடத்திலேயே காற்றை மெலியச் செய்துகொள்கின்றது. குழாயினுள் இருக்கும் காற்றை எக்கிகள் உறிஞ்சி வெளியேற்றுகின்றன. பயணிகள் அமரும் பெட்டி, சக்கரங்களின்மேல் உருளாமல், காந்த ஆற்றலால் மிதந்து செல்லும். காற்றின் தடையும் குறைகின்றது. சக்கர உராய்வும் நீங்குகின்றது.

இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. ராக்கெட் ஆய்வில் புகழ்பெற்ற இராபர்ட் காடர்டு என்னும் அமெரிக்க அறிஞர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெற்றிடக் குழாய் வண்டியைப் பற்றி எழுதினார். 2013இல் எலான் மஸ்க் அதற்குப் புத்துருவம் அளித்து ஒரு திட்டம் வெளியிட்டார். வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள குழாயில், மணிக்கு 1,220 கிலோமீட்டர் வரை வேகம் கொள்ளும் பெட்டி. ஒரு பெட்டியில் 28 பேர். இவையே அவர் கணக்கு.

கருத்து எளிது, கட்டுவதே கடினம். காற்று நீங்கிய குழாயின் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் வெளிக்காற்று ஏறத்தாழ 10 டன் அழுத்தத்துடன் நெருக்கும். அதைத் தாங்கும் எஃகுக் குழாய் வெயிலில் சும்மா இராது. வெப்பநிலை 30 பாகை உயர்ந்தால் ஒரு கிலோமீட்டர் எஃகு ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் நீளும். 350 கிலோமீட்டர் குழாய் 126 மீட்டர் நீளும்! சென்னை வெயிலில் அந்நீட்சிக்கு இடந்தரும் இணைப்புகள் வேண்டும். அவ்விணைப்புகளில் காற்றும் புகுதல் கூடாது. இங்கிலாந்தில் புருனெல் என்னும் பெரும்பொறியாளர் குழாயினுள் காற்றழுத்தத்தைக் கொண்டு வண்டி இழுக்கும் பாதை ஒன்றை 1847இல் இயக்கினார். குழாயின் பிளவை மூடிய தோற்பட்டைகள் கெட்டுக் காற்றுக் கசிந்தமையால், அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. தோல் போய் எஃகு வந்துவிட்டது. கசிவைப் பற்றிய கவலை போகவில்லை.

இனி, பயணிகளின் எண்ணிக்கையைக் காண்போம். ஊர்தியின் தகுதியை அளக்க வேகம் ஒன்றே அளவுகோல் அன்று. 28 பேர் கொண்ட பெட்டி இரண்டு நிமிடத்திற்கு ஒன்றாகப் புறப்பட்டால், ஒரு மணி நேரத்தில் 840 பேரே செல்வர். பதினாறு பெட்டிகள் கொண்ட வந்தே பாரத் வண்டி ஒன்றிலேயே 1,128 இருக்கைகள் உள்ளன. காலை எட்டு மணிக்குப் பல்லாவரம் நிலையத்தில் நிற்கும் கூட்டத்தைக் கண்டவர்க்கு இவ்வேறுபாட்டின் பொருள் நன்கு விளங்கும்.

அங்ஙனமாயின், அரை நிமிடத்திற்கு ஒரு பெட்டியை அனுப்பலாகாதோ எனின், அங்கே வேறோர் இடர் எதிர்ப்படுகின்றது. மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பெட்டியை, பயணிகள் தாங்கும் அளவில், வினாடிக்கு வினாடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைத்து நிறுத்த ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தேவை. ஆனால், அரை நிமிட இடைவெளியில் செல்லும் இரு பெட்டிகளுக்கு இடையே உள்ள தொலைவு 8 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியே. முன் செல்லும் பெட்டி ஏதேனும் விபத்தால் திடீரென நின்றுவிடின், பின்வருவது மோதாமல் தப்ப வழியில்லை. புகைவண்டி நின்றால் பயணிகள் இறங்கி நடக்கலாம். விமானத்தில் காற்றழுத்தம் குறைந்தால் விமானி அதனைத் தாழ இறக்கலாம். குழாயினுள் நின்ற பெட்டியிலிருந்தோ, குழாய்க்குள் காற்றை நிரப்பிய பின்னரே ஒருவர் வெளியேற முடியும்.

நேரக் கணக்கிலும் குழாய் ஊர்தியின் முழுவெற்றி உறுதியன்று. சென்னையிலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத் வண்டி ஏறத்தாழ நான்கரை மணி நேரம் எடுக்கின்றது. விமானம் வானில் இருப்பது ஒரு மணி நேரமே. ஆயினும் முன்கூட்டியே சென்று சோதனைகளுக்கு உட்படுவதும், நகரத்திற்கு வெளியே தேவனஹள்ளியில் இறங்கி மீண்டும் சாலைவழி செல்வதும் அந்த ஆதாயத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. விரைந்து செல்லும் பெட்டி கூரிய வளைவுகளில் திரும்ப இயலாது. ஆகவே குழாய் ஏறக்குறைய நேராகவே செல்ல வேண்டும். தாம்பரம் வரை வீடுகள் நெருங்கிய இப்பகுதியில் அத்தகைய நேர்வழி எங்கே கிடைக்கும்? நிலையம் ஊர்ப்புறத்தில் அமைந்தால், விமானப் பயணிகளின் இன்னல் குழாய்ப் பயணிகளையும் பற்றும்.

இவை கொண்டு இம்முயற்சியை வீண் என்று தள்ளுதல் முறையன்று. மின்சாரத்தால் இயங்குவதால், விமானத்தைப்போல் இது எண்ணெயை எரித்துப் புகை கக்காது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில், 500 மீட்டர்க் குழாயில் இருவர் மணிக்கு 172 கிலோமீட்டர் வேகத்தில் சென்று நலமாக இறங்கினர். அச்சோதனையை நடத்திய நிறுவனம் 2023இன் இறுதியில் மூடப்பட்டது எனினும், சோதனை பொய்யாகிவிடவில்லை. ஆட்களுக்கு முன் சரக்குகளை ஏற்றிப் பார்க்கலாம் என்னும் கருத்தும் உண்டு. அறிவுக்கு ஒத்த வழி அதுவே எனலாம்.

தையூர்க் குழாயை மணிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பெட்டி ஒன்றரை வினாடியில் கடந்துவிடும். மேற்கூறிய வீதத்தில் பாதித் தொலைவு வேகம் கூட்டி, மீதிப் பாதியில் குறைத்து நிறுத்தினால், அதனுள் எட்டக்கூடிய உச்ச வேகம் ஏறத்தாழ 130 கிலோமீட்டரே. மிதக்கும் காந்தங்களையும், காற்று உறிஞ்சும் எக்கிகளையும், குழாயின் இணைப்புகளையும் அங்கே சோதிக்கலாம். ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தைச் சோதிக்க வேண்டுமாயின், வேகம் கூட்ட 13 கிலோமீட்டரும் நிறுத்த 13 கிலோமீட்டருமாக, பல்லாவரத்திலிருந்து தையூரையும் தாண்டிச் செல்லும் நீளத்திற்கு ஒரு குழாய் வேண்டும்.