தமிழையும் சேர்த்து ஒரு தகடு

கம்ப்யூட்டர் வாங்கினால் அதில் தமிழும் தானாக வந்துவிடும் என்றுதான் இன்று நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். கைபேசியைத் திறந்தால் தமிழ், கடிதம் எழுதினால் தமிழ் என்று பழகிவிட்டவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்? சில ஆண்டுகளுக்கு முன்வரை நிலைமை அப்படி இல்லை. தமிழ் வேண்டுமென்று கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்கத் தெரியாதவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தமிழ் இல்லாமலேயே போனது. மும்பையில் நம் சங்கத்தின் கணினி அறையைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், அந்தக் குறையை நாங்கள் தீர்த்துக்கொண்ட விதத்தை இங்கே சொல்கிறேன். அதே வழி இன்றும் பயன்படுவதால் இது வெறும் பழங்கதை அல்ல.

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25-ஆம் நாள் வெளிவந்தது. யூனிகோடு தமிழும் ‘லதா’ எழுத்துருவும் அதற்கு முந்தைய விண்டோஸ் 2000-இலேயே வந்துவிட்டன. ஆனால் எக்ஸ்பியைச் சாதாரணமாக நிறுவினால் தமிழுக்கான கோப்புகள் கணினியில் ஏறாது. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய், ஒரு சிறிய கட்டத்தில் குறியிட்டு, அது கேட்கும்போது மூலக் குறுந்தகட்டைப் போட வேண்டும். பண்டம் தகட்டுக்குள்ளேயே இருந்தது, பரிமாறத்தான் ஆள் இல்லை. இங்குள்ள கடைக்காரருக்குத் தமிழ் தேவையில்லை. அவர் ஏன் அந்தக் கட்டத்தைத் தேடப்போகிறார்?

2005-இல் எங்கள் அறையில் ஆறு கணினிகள் இருந்தன. எல்லாம் அன்பர்கள் வாங்கிக் கொடுத்தவை. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, பாட்டி சொன்ன கதையொன்றை நான்கு வாரமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நடுவில் அந்தக் கணினி பழுதாகிக் கடைக்குப் போய், விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டுத் திரும்பி வந்தது.

“மாமா, என் கதையெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடுச்சு!” என்று கண் கலங்க வந்து நின்றாள்.

“கதை பத்திரமா உள்ளேதான் இருக்கு கண்ணு. மெஷினுக்குத்தான் தமிழ் மறந்துபோச்சு” என்றேன்.

சொன்னது உண்மைதான். எழுத்துரு இல்லாவிட்டால் ஒவ்வோர் எழுத்தும் வெறும் கட்டமாகத் தெரியும். எழுத்துருவை மட்டும் கொண்டுவந்து போட்டாலும் போதாது. ‘கொ’ என்ற எழுத்து கணினியின் உள்ளே ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னாலுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து, காலைப் பின்னே நிறுத்தி, நாம் படிக்கும் வடிவத்தில் காட்டுவது விண்டோஸுக்குள் இருக்கும் வேறொரு பகுதியின் வேலை. அதுவும் அந்தச் சிறிய கட்டத்தோடுதான் வந்தது. தகட்டைத் தேடி எடுத்துக் குறியிட்டோம், கதை திரும்பியது. ஆனால் ஆறு கணினிகள், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மறுநிறுவல் என்றால் இப்படி எத்தனை முறை செய்வது? தகடு தொலைந்தால் என்ன செய்வது?

இதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. 2003 ஆகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற புழு உலகெங்கும் பரவியது நினைவிருக்கலாம். அறுபது விநாடியில் கணினி அணைந்துவிடும் என்று எச்சரிக்கை வந்து, சொன்னபடியே அணைந்துவிடும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் ஜூலை மாதமே வெளியாகியிருந்தது. ஆனால் 2001-ஆம் ஆண்டுத் தகட்டிலிருந்து புதிதாக நிறுவிய கணினியில் அந்தத் திருத்தம் எப்படி இருக்கும்? அதை இறக்கிக்கொள்ள இணையத்தில் இணைந்தால், இறங்கி முடிவதற்குள் புழு வந்து சேர்ந்துவிடும். கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது போலத்தான். 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கோ சுமார் 270 எம்.பி. எங்களிடம் இருந்த 56 கே மோடத்தில் அது இறங்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்!

இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து, திருத்தங்களையும் தமிழையும் நிறுவும் தகட்டிலேயே முன்கூட்டிச் சேர்த்துவிடுவது. ஆங்கிலத்தில் இதை ஸ்லிப்ஸ்ட்ரீமிங் என்பார்கள். செய்முறை இதுதான்.

முதலில் மூலத் தகட்டில் உள்ள அனைத்தையும் வன்தட்டில் ஒரு கோப்புறைக்குள் படியெடுத்தோம். சர்வீஸ் பேக் கோப்பை ‘இன்டக்ரேட்’ என்ற கட்டளையோடு இயக்கினால், அந்தக் கோப்புறையில் உள்ள பழைய கோப்புகளை அதுவே மாற்றிவிடும். அதன் பிறகு வந்த சிறு திருத்தங்கள் அடுத்து, வன்பொருளுக்கான டிரைவர்கள் அதற்கும் அடுத்து. வரிசை முக்கியம். சிறு திருத்தங்களை முதலில் சேர்த்துவிட்டுச் சர்வீஸ் பேக்கைப் பின்னால் போட்டால், புதியதன் மேல் பழையது வந்து உட்கார்ந்துவிடக்கூடும். இந்த வேலைகளுக்கு என்லைட் என்ற இலவசக் கருவி உதவியது.

பிறகுதான் தமிழ். நிறுவும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு முன்னதாகவே விடை எழுதி வைக்க ஒரு சிறிய விடைக் கோப்பு உண்டு. அதில் மொழிக் குழு என்ற இடத்தில் 15 என்று எழுதினோம். 15 என்பது இந்திய மொழிகளின் எண். தமிழுக்கும் மராத்திக்கும் இந்திக்கும் ஒரே எண்தான். ஆகவே பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்துக்கும் இந்த வழி அப்படியே உதவியது. விசைப்பலகைக்கு 0409, 0449 என்ற இரு எண்கள். முன்னது அமெரிக்க ஆங்கிலம், பின்னது தமிழ். ஆங்கிலத்தையே முதலில் வைத்தோம். இல்லாவிட்டால் உள்ளே நுழையும் கடவுச்சொல்லைத் தட்டும்போதே குழப்பம் வரும்.

கடைசியாக 700 எம்.பி. வெற்றுத் தகட்டில் பதிவு செய்ய வேண்டும். கோப்புகளை அப்படியே படியெடுத்தால் அந்தத் தகட்டிலிருந்து கணினி கிளம்பாது. மூலத் தகட்டின் தொடக்கப் பகுதியையும் எடுத்துச் சேர்க்க வேண்டும். தகடு தயாரானதும், யாரும் பயன்படுத்தாத ஒரு கணினியில் நிறுவிப் பார்த்த பிறகே மற்றவற்றில் போட்டோம். அதன்பின் எந்தக் கணினி மறுநிறுவலுக்குப் போனாலும் இந்தத் தகடும் கூடவே போகும். கடைப் பையனுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல், தமிழோடு கணினி திரும்பி வரும்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு முடிந்தது. அதை இனி இணையத்தில் இணைக்கக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் நின்றது. இன்றைய விண்டோஸில் நிர்மலா என்ற எழுத்துரு தமிழை இயல்பாகவே காட்டுகிறது. ஆனால் பழைய லதா எழுத்துரு விருப்பப் பகுதியாகப் போய்விட்டது. நம் பழைய மலர்களின் கோப்புகளைப் புதிய கணினியில் திறந்தால், எழுத்துரு மாறி, வரிகள் நகர்ந்து, பக்கக் கணக்கே தவறுவதைப் பார்க்கலாம். லதாவும் முன்கூட்டியே சேர்ந்திருந்தால் இந்த அலைச்சல் இல்லை.

முறை இன்றும் அதுவேதான், கருவிதான் வேறு. விண்டோஸ் முழுவதும் இப்போது ‘இன்ஸ்டால் விம்’ என்ற ஒரே பெரிய கோப்பில் இருக்கிறது. விண்டோஸோடு வரும் ‘டிஸ்ம்’ என்ற கருவியால் அதைத் திறந்து, வேண்டியதைச் சேர்த்து, மாற்றங்களைச் சேமித்து மூட வேண்டும். ஒரே கோப்பில் ஹோம், புரோ என்று பல பதிப்புகள் இருக்கும். நாம் நிறுவப்போகும் பதிப்பின் எண்ணைப் பார்த்துத் திறக்க வேண்டும். மொழியும் எழுத்துருவும் முதலில், மாதாந்தரத் திருத்தம் கடைசியில். தகட்டுக்குப் பதில் பென் டிரைவ் போதும். அது ஃபாட் 32 அமைப்பில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, பிரித்துத்தான் போட வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள். யாரோ செய்து விற்கும் மலிவுத் தகட்டை நம்பாதீர்கள், அதற்குள் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. உரிமம் பெற்ற கணினிக்கு மட்டுமே நிறுவுங்கள். ‘இது எதற்கு’ என்று பகுதிகளை வெட்டி எறியாதீர்கள், பின்னால் வரும் திருத்தங்கள் ஏற மறுக்கும்.

நம் தாய்மொழி அறியாத ஊரில், எந்தப் பொருளும் தமிழோடு நம் வீட்டுக்கு வராது. நாம்தான் சேர்க்க வேண்டும். ஒருமுறை பொறுமையாகச் சேர்த்துவைத்தால், பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. செய்து பார்க்க விரும்பும் அன்பர்கள் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் கணினி அறைக்கு வாருங்கள். வரும்போது ஒரு காலிப் பென் டிரைவ் கொண்டுவந்தால் போதும்.