சிருங்காரத்துக்கு யார் காசு கொடுப்பது?

வயது வந்தோருக்கான கணினி விளையாட்டுகளைச் சொந்தமாக உருவாக்குகிறவர்களில் பலர் பெரிய நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர். தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ வீட்டில் இருந்தபடி வேலை செய்கிறவர்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கென்றே எழுதப்படும் காதல், காமக் கதைகள் இவை. படமும் உரையாடலுமாக நகரும். கதை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை ஆடுகிறவர் தீர்மானிப்பார். 2004இல் வெளிவந்த ரென்பை என்ற இலவச மென்பொருள், தடித்த நாவல் அளவுக்கு ஒரு விளையாட்டை ஒருவரே செய்து முடிக்க வழிசெய்தது. ஆடுகிறவர்களுக்குக் குறைவில்லை. அவர்களில் காசு கொடுக்கிறவர்கள்தான் சிறு கூட்டம்.

சிருங்காரப் படைப்புக்கு யார் கூலி கொடுப்பது என்ற கேள்வி தென்காசிப் பக்கத்துக்குப் புதிதல்ல. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி, உலா வரும் குற்றாலநாதர் மேல் மையல் கொள்வதும், குறத்தி சிங்கியைத் தேடி அவள் கணவன் சிங்கன் அலைவதும் அதன் கதை. பக்தி நூல்தான், ஆனால் காமத்தை ஒளித்துவைக்காத பக்தி. மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் இதற்காகக் கவிராயருக்கு நிலத்தை மானியமாக விட்டார். அந்த இடத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர் வந்தது. முடிந்த நூலுக்கு மானியம் கிடைத்தது. கொடுத்தவர் பெயருக்கு அதனால் பெருமை சேர்ந்தது. கொடுத்த கைக்கும் வாங்கிய கைக்கும் நடுவே வங்கி, அட்டை நிறுவனம் என்று எவரும் நிற்கவில்லை. இன்றைய ரசிகரின் நிலை இம்மூன்றிலும் தலைகீழ். அவருடைய தயக்கத்தைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிட முடியாததற்கு இதுவே காரணம்.

இன்றைய மானியத்துக்குப் பெயர் மாதச் சந்தா. 2013இல் தொடங்கிய பேட்ரியான் என்ற தளம் இதற்குப் பெரிய வழியாக அமைந்தது. விளையாட்டு ஒரேயடியாக வருவதில்லை. சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ ஒருமுறை ஓர் அத்தியாயம் கூடும். ரசிகர் முடிந்த பொருளை வாங்கவில்லை, முடியும் என்ற நம்பிக்கையை வாங்குகிறார். அந்த நம்பிக்கை பொய்த்ததற்கு உதாரணமாக இன்றும் சொல்லப்படுவது 'பிரீடிங் சீசன்' என்ற விளையாட்டு. மாதம் 40,000 டாலருக்கு மேல் சந்தா வந்துகொண்டிருந்தபோதே, 2016இல் அதன் ஓவியர் விலகினார். படங்களின் உரிமை யாருக்கு என்ற தகராறில் விளையாட்டு பாதியிலேயே கைவிடப்பட்டது. இத்தகைய கதைகள் ரசிகர் கூட்டத்தில் சீக்கிரம் மறக்கப்படுவதில்லை. இதில் வேறொரு சிக்கலும் உண்டு. மாதந்தோறும் பணம் வரும்வரை கதையை முடிக்காமல் இழுப்பதே உருவாக்குநருக்கு லாபம். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் செய்ய இடமிருக்கிறது என்பதே சந்தேகத்துக்குப் போதும்.

ஓசியில் கிடைப்பதும் ஒரு காரணம். பல உருவாக்குநர்கள் சந்தாதாரருக்கு முதலில் கொடுத்துவிட்டு, சில வாரம் கழித்து அதே பதிப்பை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். திறக்காதவர்களின் விளையாட்டும் திருட்டுப் பிரதியாக வெளியே வந்துவிடுகிறது. அப்படியானால் சந்தாதாரர் காசு கொடுத்துப் பெறுவது விளையாட்டை அல்ல, சில வாரம் முந்திப் பார்க்கும் சலுகையை. காத்திருக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய விஷயமில்லை.

இவற்றையெல்லாம் விடக் கனமானது, வங்கிக் கணக்கில் பெயர் விழும் என்ற பயம். தென்காசி போன்ற ஊரில் இது இன்னும் கூர்மையாகிறது. அங்கே காசில்லாமல் இல்லை. அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது, மென்பொருள் சம்பளம் ஊருக்குள்ளேயே புழங்குகிறது. ஆனால் பல வீடுகளில் கணக்கு ஒருவருடையது, அதோடு இணைந்த கைபேசி எண் இன்னொருவருடையது. பணம் போனதும் வரும் குறுஞ்செய்தி அப்பாவின் கைபேசியில் ஒலிக்கும். கிளையில் பாஸ்புக் பதியும்போது வரிக்கு வரி அச்சாகும். கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர் தெரிந்தவராகவோ உறவினராகவோ இருக்கலாம். நூறு ரூபாய்க்கும் விளக்கம் சொல்ல வேண்டிய வீட்டில், அயல்நாட்டு நிறுவனத்தின் பெயர் மாதாமாதம் வருவது லேசான சங்கதி அல்ல. பயம் வீட்டோடு நிற்பதும் இல்லை. 2015இல் பேட்ரியான் தளத்துக்குள் ஊடுருவியவர்கள் பயனர்களின் பெயர், மின்னஞ்சல் முதலியவற்றை இணையத்தில் கொட்டினார்கள். அட்டை எண்கள் தப்பின. ஆனால் இந்த விஷயத்தில் ரசிகர் அஞ்சியது அட்டை எண்ணுக்காக அல்லவே.

மனம் துணிந்தாலும் வழி லேசில் திறப்பதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகள், வாடிக்கையாளர் தாமே கேட்டுத் திறக்காதவரை வெளிநாட்டுச் செலவுக்குப் பயன்படா. 2021 அக்டோபர் 1 முதல் தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களுக்கு முன்கூட்டியே ஒப்புதலும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்பே அறிவிப்பும் கட்டாயமாயின. நுகர்வோரைக் காக்க வந்த நல்ல விதிதான். ஆனால் அதற்குத் தயாராகாத வெளிநாட்டுத் தளங்களின் சந்தாக்கள் அப்போது வரிசையாகத் தோற்றன. ஐந்து டாலர் சந்தாவின் மேல் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் ஏறும்.

சட்டத்தைப் பற்றிய குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் ஆபாசமானதையும் வெளிப்படையான பாலுறவுக் காட்சிகளையும் வெளியிடுவதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகின்றன. 67ஏ பிரிவில் முதல் முறைக்கே ஐந்து ஆண்டுவரை சிறையும் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. சிறார் தொடர்பானவற்றில் தேடுவதும் இறக்குவதும்கூடக் குற்றம் என்கிறது 67பி. வயது வந்தவர்கள் பற்றிய ஒன்றை ஒருவர் தனியே ஆடுவதை இந்த முதலிரண்டு பிரிவுகள் குறிவைக்கவில்லை. ஆனால் சட்டப்பிரிவு படித்துவிட்டு யாரும் பயப்படுவதில்லை. பயந்த பிறகு படிக்கிறவர்களே குறைவு. இந்தச் சட்டம் உருவாக்குநர் பக்கம் இன்னும் அழுத்துகிறது. இங்கிருந்துகொண்டு பெயர் போட்டு இந்தத் தொழில் செய்வது ஆபத்து என்பதால், தென்காசி ரசிகர் காசு அனுப்ப வேண்டியவர் முகமும் ஊரும் தெரியாத வெளிநாட்டவர்.

கொடுக்க மனமும் வழியும் உள்ளவருக்கும் கதவு அடைபடலாம் என்பதை 2025 ஜூலை காட்டியது. பாலியல் வன்முறையைச் சித்திரித்த 'நோ மெர்சி' என்ற விளையாட்டை எதிர்த்துக் கிளம்பிய ஆஸ்திரேலிய அமைப்பான கலெக்டிவ் ஷவுட், விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்களுக்கு வெளிப்படைக் கடிதம் எழுதியது. கட்டண நிறுவனங்களின் விதிக்கு முரணானவற்றை ஏற்க முடியாது என்று ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளம் புதிய விதி சேர்த்துப் பல விளையாட்டுகளை நீக்கியது. சுயாதீன உருவாக்குநர்களின் புகலிடமான இட்ச் தளம், வயது வந்தோர் விளையாட்டுகள் அனைத்தையும் தேடலிலிருந்து மறைத்துவிட்டு, பிறகு இலவசமானவற்றைத்தான் முதலில் திரும்பக் காட்டியது. வன்முறையைக் கொண்டாடும் ஒன்றை எதிர்த்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வலையில் சாதாரணக் காதல் கதைகளும் சிக்கின. எது கலை, எது குப்பை என்று நீதிமன்றமோ தணிக்கைக் குழுவோ அல்லாமல் அட்டை நிறுவனம் தீர்மானிக்கும் நிலை அது.

கதவு அடைபடும் ஆபத்து இருந்தாலும், சந்தாவின் சிக்கல்களைத் தவிர்க்க, முடித்த விளையாட்டை ஒரே விலைக்கு ஸ்டீம் போன்ற பெரிய கடையில் வைக்கும் உருவாக்குநர்களும் இருக்கிறார்கள். அங்கே ரூபாயில் விலை உண்டு, யு.பி.ஐ. வழியே செலுத்தலாம், கணக்கில் கடையின் கட்டணம்தான் பதியும், விளையாட்டின் பெயர் பதியாது. அந்தத் தளத்தில் இருக்கும் நண்பர்களின் கண்ணில் படாமல் ஒரு விளையாட்டைத் தனிப்பட்டதாகக் குறித்துவைக்கும் வசதியும் 2024இல் வந்துவிட்டது. அதற்கு ஈடாக உருவாக்குநரின் வருமானத்தில் கடை எடுத்துக்கொள்ளும் பங்கு பொதுவாக 30 விழுக்காடு.