ஸ்வான்ஸ் ஏன் சிட்னிக்குப் போனது?

சென்ற மாத நிகழ்ச்சிக்கு அழைப்பெடுத்த ஒரு தம்பி, "அங்கிள், சிட்னி ஸ்வான்ஸ் ஜேர்சியின்ர பின்கழுத்தில எஸ்.எம்.எவ்.சி. எண்டு ஏன் போட்டிருக்கு?" என்று கேட்டார். செய்தி நேரம் வந்துவிட்டதால் அரைகுறையாகவே பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அது சவுத் மெல்பேண் உதைபந்தாட்டக் கழகத்தின் சுருக்கம். இன்று சிட்னி அணி என்கிறோமே, அது மெல்பேணில் அல்பேட் பார்க் ஏரிக்கரையில் ஆடிய கழகம். 1909, 1918, 1933 ஆகிய ஆண்டுகளில் சம்பியன். பிறகு சரிவுதான். 1946 முதல் 1981 வரை இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது இரண்டே தடவை. சுற்றியிருந்த தொழிலாளர் குடும்பங்கள் தூரத்துப் புறநகர்களுக்குப் போய்விட, கடன் ஏறியது.

கணக்காளன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு கழகத்தின் ஐந்தொகையில் பெரிய சொத்து எதுவும் இராது. மைதானம் பெரும்பாலும் வேறொருவருடையது. ஆதரவாளரின் பாசத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? ஆனால் லீக் நிருவாகம் வேறு கணக்குப் பார்த்தது. விக்டோரியாவில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது. சிட்னியில் ஞாயிறு ஆடினால் அதை மெல்பேண் வீடுகளுக்கு நேரடியாக ஒளிபரப்பலாம். புதிய நகரம், புதிய தொலைக்காட்சிப் பணம்.

உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். 1981இல் நிருவாகத்தையே கைப்பற்றினார்கள். ஆனால் ஆட்டக்காரர்கள் போகவே விரும்பினார்கள். 1982இல் ஆட்டங்கள் சிட்னி கிரிக்கெட் மைதானத்துக்கு மாறின. 1983இல் பெயரும் மாறியது. போனதும் செழித்துவிடவில்லை. 1985இல் தனியாருக்கு விற்கப்பட்ட உரிமத்தை 1988இல் லீக் 10 டொலருக்குத் திரும்ப வாங்கியது. ஆம், பத்து டொலர்! 1992-93இல் தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோல்வி. 2005 செப்டெம்பர் 24இல் 4 புள்ளிகளால் வென்றபோது, முந்திய வெற்றிக்கு 72 வருடம் ஆகியிருந்தது. அன்று மாலை ரிச்மண்ட் ரயில் நிலையத்தில் சிவப்பு வெள்ளைச் சால்வை போட்ட ஒரு வயோதிபர் அழுதுகொண்டு நின்றார். சால்வையில் சவுத் மெல்பேண் என்றுதான் இருந்தது.

எல்லாக் கழகத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. ஃபிற்ஸ்ரோய் கழகத்துக்கு 1.25 மில்லியன் டொலர் கடன் கொடுத்திருந்தது நவுறு அரசின் நிறுவனம் ஒன்று. நவுறு என்றதும் நம்மவர்களுக்கு அகதி முகாம்தான் நினைவுக்கு வரும். அந்த நாளில் அது பொஸ்பேற் பணம் படைத்த நாடு. 1996இல் கடன் கொடுத்தோர் நிருவாகியை நியமிக்க, அணி பிறிஸ்பேணுடன் இணைக்கப்பட்டது. சிங்கச் சின்னமும் கூடப் போனது. பிறிஸ்பேண் 2001, 2002, 2003இல் வென்றது. பழைய கழகம் 2009 முதல் அமெச்சூர் லீக்கில் தன் பெயரிலேயே ஆடுகிறது.

இதைத் தேடி வாசித்தபோது எங்கள் ஊர்க் கழகம்தான் மனதில் வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் வெளியேறியபோது கூட்டம் போட்டு வாக்கெடுக்க நேரமிருக்கவில்லை. செயலாளர் அண்ணை மினிட்ஸ் புத்தகத்தையும் ஒரு பந்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் யாரோ ஒருவரின் தோட்டக் காணியில், அதே பெயரில், அதே நிறச் சேர்ட்டில் ஆடினோம். பொருளாளர் நான், கையிருப்பு 80 ரூபா.

அந்தப் புத்தகம் இப்போது எங்கே என்று தெரியவில்லை. இதை வாசிக்கும் குடும்பங்களில் எவரிடமாவது உங்கள் ஊர்க் கழகத்தின் மினிட்ஸ் புத்தகமோ, அணிப் படமோ இருந்தால் நிலையத்துக்கு அறியத் தாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு கவனமாகத் திருப்பித் தருவோம்.