குதிக்கத் தெரியாத கால்கள்

ராகிக் கதிர் முற்றுகிற காலம் வந்தால் சானமாவுக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். கர்நாடகாவின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக நடந்தே வரும் யானைக் கூட்டம், ஓசூரை ஒட்டிய இந்தச் சின்னக் காட்டில் முகாம் போடும். பகலில் காடு, இரவில் வயல்!

டன் கணக்கில் எடையுள்ள உடம்பை இத்தனை தூரம் தாங்கி வருவது எலும்புகள்தான். நாயும் குதிரையும் நிற்கும்போது கால் மூட்டுகள் சற்று மடங்கியே இருக்கும். யானைக்கோ எலும்பின் மேல் எலும்பு தூண்போல நிற்கும். நம் தொடை எலும்பின் நடுவே குழாய் மாதிரி இடம் உண்டு. அதில் மஜ்ஜை இருக்கும். யானையின் கால் எலும்பில் அந்தக் குழாயே கிடையாது. சல்லடை போன்ற எலும்பே உள்ளே நிறைந்திருக்கும். ஆனால் மண்டை ஓட்டில் கதை தலைகீழ். பறவை எலும்பைப்போல அதில் காற்றறைகள்! இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய தலையைத் தூக்க முடியுமா? தும்பிக்கையில் எலும்பே இல்லை, எல்லாம் தசை.

பாதம் இன்னும் வேடிக்கை. எலும்பை மட்டும் பார்த்தால், ஹை ஹீல்ஸ் போட்டதுபோல யானை விரல் நுனியில்தான் நிற்கிறது. குதிகாலுக்கு அடியில் கொழுப்பு மெத்தை. அதனால்தான் வயலுக்குள் நுழைவது காவல்காரருக்குக் கேட்பதில்லை. அந்த மெத்தைக்குள் ஆறாவது விரல்போல ஒன்று தாங்கி நிற்பதை லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்கள் 2011-ல் விளக்கினார்கள். முதலில் குருத்தெலும்பாக இருந்து, வயதாக ஆக அது எலும்பாகிறது.

நம் எலும்புகளும் பெரும்பாலும் கருவில் குருத்தெலும்பாகத் தொடங்கியவைதான். சுறாவுக்குக் கடைசிவரை குருத்தெலும்புதான். பிறக்கும்போது சுமார் 300 எலும்புகளோடு வரும் நாம், அவை ஒன்றோடொன்று சேர்ந்து 206-ல் நின்றுவிடுகிறோம். ஆண் யானையோ 30 வயதைத் தாண்டியும் வளரும்.

இந்தத் தூண் கால்களுக்கு ஒரு விலை உண்டு. யானையால் குதிக்க முடியாது. வேகமாக ஓடும்போதும் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவதில்லை. வயலைச் சுற்றி அகழி வெட்டுவது இதை நம்பித்தான். (கரையை உதைத்துச் சரித்துக்கொண்டு இறங்கும் கெட்டிக்கார யானைகளும் உண்டு.)

ஆனால் சானமாவு காட்டை ஒட்டி ஓடுகிறது ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை. லாரி வருகிறதென்று துள்ளி விலக அந்தக் கால்களால் ஆகாது. கால் எலும்பு முறிந்தால் மாட்டுக்குப்போலக் கட்டுப்போட்டுப் படுக்க வைக்கவும் முடியாது. வெகுநேரம் படுத்தால் சொந்த எடையே நுரையீரலையும் தசையையும் அழுத்திவிடும். கூட்டம் சாலையைக் கடக்கும் நேரத்தில் வனத்துறையினர் இருபுறமும் வண்டிகளை நிறுத்தி வைப்பது அதனால்தான்.