வாடைக்கால வாசிப்பு – 9: கல்லை மறைத்தவர்

கார்த்திகையில் வாடை இறங்கிவிட்டால் நிலாவெளிக் கடல் எங்களை உள்ளே விடாது. சோழகக் காலம் முழுவதும் அடிமணல் தெரியக் கிடந்த தண்ணீர் கலங்கிப்போகும். புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றிய வள்ளங்களை மேட்டுக்கு இழுத்து ஏற்றிவிடுவார்கள். மழை தொடங்கினால் இரண்டு மூன்று நாள் விடாது. எனக்குப் புத்தகம் கையில் எடுக்க வாய்ப்பது அப்போதுதான். சென்ற வாடைக்கென்று சேர்த்து வைத்திருந்தவை ஆர்தர் சி. கிளார்க்கின் ஒடிசி நாவல்கள் நான்கு. 1968, 1982, 1987, 1997 என்று ஏறக்குறைய முப்பது ஆண்டு இடைவெளிக்குள் வந்தவை. அறிவியல் புனைகதை வாசிப்பவர்கள் தவறாமல் பெயர் சொல்லும் வரிசை அது. நான் ஐம்பது வயதைத் தாண்டித்தான் தொடங்கினேன்.

கிளார்க்கை எடுத்ததற்குக் காரணம் அவருடைய புகழ் அல்ல. எங்கள் கடலுக்குள் இறங்கிப் பார்த்தவர் அவர். 1956-இல் இலங்கைக்குக் குடிவந்தவர், 2008-இல் கண்மூடும்வரை இங்கேயே இருந்தார். வந்த புதிதிலேயே தோழர் மைக் வில்சனோடு திருகோணமலைக்கு வந்து, சுவாமி மலையின் அடியில் சுழியோடினார். மலை உச்சியில் இருந்த பழைய கோணேசர் கோவிலைப் போர்த்துக்கேயர் 1620-களில் இடித்துத் தள்ளினார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டைச் சுவருக்குப் போயிற்று, ஒரு பகுதி கடலுக்குள் போயிற்று. முந்நூறு ஆண்டுக்கு மேலாகக் கடல் வைத்திருந்த அந்தத் தூண்களையும் செதுக்கிய கற்களையும் இருவரும் கண்டார்கள். கண்டதை 1957-இல் 'த ரீஃப்ஸ் ஆஃப் தப்ரபேன்' என்ற நூலில் கிளார்க் எழுதி வெளியிட்டார். வில்சன் 1962-இல் 'ரண் முத்து தூவ' என்ற முதல் சிங்கள வண்ணப் படத்தை எடுத்தார். அதற்குள்ளும் இந்தக் கடல் இருக்கிறது. பிற்காலத்தில் அவர் காவி உடுத்திச் சுவாமி சிவகல்கி ஆனார். கோணேசர் அவரை விடவில்லை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்.

விண்வெளியில் உடல் எடையிழந்து மிதப்பது எப்படியிருக்கும் என்று மனிதன் பூமியிலேயே அறிய வேண்டுமானால் கடலுக்குள்தான் போக வேண்டும் என்பது கிளார்க்கின் எண்ணம். அவரைச் சுழியோட வைத்ததும் அதுதான். முதல் நாவலில் விண்கலத்துக்கு வெளியே மனிதர் மிதக்கும் பகுதிகளை வாசித்தபோது எனக்குப் புறாத்தீவின் முருகைக்கற்களுக்கு மேலே மிதந்த நாட்கள்தான் உடம்பில் வந்தன. நீந்தத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பக்கங்களை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு ஆசையோடு தொடங்கிய வாசிப்பில் கல்லாகக் குறுக்கே கிடந்தவர் ஒருவர். பெயர் ஹேவுட் ஃப்ளொயிட். அமெரிக்க விண்வெளித் துறையின் பெரிய அதிகாரி, முனைவர். முதல் நாவலில் ஆதி மனிதக் குரங்குகளின் பகுதி முடிந்ததும் நாம் சந்திக்கும் முதல் நவீன மனிதர் அவர்தான். சந்திரனில் மண்ணுக்கடியில் கருநிறக் கல் ஒன்று கிடைத்திருக்கிறது. மூன்று மில்லியன் ஆண்டுக்கு முன்னர் யாரோ வேண்டுமென்றே புதைத்தது. பூமிக்கு அப்பால் அறிவுள்ள உயிர் இருந்தது என்பதற்கு மனித குலத்துக்குக் கிடைத்த முதல் சான்று. அதை உலகத்திடமிருந்து மறைத்து வைப்பதற்குத்தான் ஃப்ளொயிட் சந்திரனுக்குப் போகிறார். வழியில் விண்நிலையத்தில் திமித்ரி என்ற ரஷ்ய விஞ்ஞானி எதிர்ப்படுகிறார். நெடுநாள் நண்பர். சந்திரனில் அமெரிக்கர்களின் தளத்தில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகக் கேள்விப்பட்டோமே, உண்மையா என்று கவலையோடு கேட்கிறார். ஃப்ளொயிட் இல்லை என்றும் சொல்வதில்லை. பேச அனுமதியில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நோய் உண்டென்று நண்பர் நம்பிப்போக அதுவே போதும். அந்தப் பொய் பரவ வேண்டும் என்பதுதான் ஏற்பாடும்.

இந்தக் கட்டத்தைப் பக்கத்து வளவுப் பெரியப்பாவுக்குச் சொன்னேன். சொந்தமில்லை, பழக்கத்தில் பெரியப்பா. நாற்பது ஆண்டு கரைவலை இழுத்தவர். மழைக்கு எங்கள் விறாந்தையில் வந்து குந்தியிருந்தார்.

"கேட்டவன் சிநேகிதன்தானே, மகன்?"

"ஓம், பெரியப்பா. கனகாலச் சிநேகிதம்."

"அப்ப அவன் பயந்தெல்லோ போயிருப்பான். சிநேகிதனைப் பயத்தோட அனுப்பிப்போட்டு இவர் எப்பிடி நித்திரை கொண்டவராம்?"

எனக்கு ஃப்ளொயிட்டைப் பிடிக்காமல் போனது எதனால் என்று அதுவரை எனக்கே பிடிபடவில்லை. பெரியப்பா கேட்ட கேள்வியில் பிடிபட்டது. கொலைகாரனையோ துரோகியையோ கதையில் வெறுப்பது எளிது. ஆசிரியரே அதற்கு வழி செய்திருப்பார். ஃப்ளொயிட் நல்லவராக எழுதப்பட்டிருக்கிறார். மென்மையாகப் பேசுகிறார், வீட்டு நினைவு அவருக்கு இருக்கிறது, மனைவியை விமான விபத்தில் இழந்த துயரம் இருக்கிறது. மறைப்பது மட்டும் அவருக்கு ஒரு சங்கடம், அவ்வளவுதான். அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதைப் போல அதைச் செய்து முடிக்கிறார்.

அந்த மறைப்புக்குப் பிறகு விலை கொடுப்பவர்கள் வேறு ஆட்கள். டிஸ்கவரி விண்கலத்தில் விழித்திருக்கும் இருவரான போமனுக்கும் பூலுக்கும் பயணத்தின் உண்மையான நோக்கம் சொல்லப்படவில்லை. நீள் உறக்கத்தில் கிடத்தப்பட்ட மூவருக்குத் தெரியும். கலத்தை நடத்தும் ஹால் 9000 என்ற கணினிக்குத் தெரியும். தெரிந்ததை மறைக்கும்படி அதற்குக் கட்டளை. தகவலைத் திரிக்காமல் தருவதற்கென்றே ஆக்கப்பட்ட ஓர் அறிவை, கூட இருப்பவர்களிடம் நாள்தோறும் நடிக்கச் சொன்னார்கள். அது புத்தி பேதலித்தது. பூல் சாகிறான், உறக்கத்தில் இருந்த மூவரும் கண்விழிக்காமலே சாகிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு, தனியே மிஞ்சிய போமனுக்குத் திரையில் தோன்றி உண்மையைச் சொல்பவர் யார்? ஃப்ளொயிட்தான். அந்த அத்தியாயத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மழையில் நடந்து போனேன்.

இரண்டாவது நாவலை நம்பிக்கையோடுதான் எடுத்தேன். இதில் ஃப்ளொயிட்தான் நடுநாயகம். ஒன்பது ஆண்டு கழித்து, ரஷ்யக் கலமான லியோனோவில் ஏறி, கைவிடப்பட்ட டிஸ்கவரியைத் தேடி வியாழனுக்குப் போகிறார். நடந்ததற்கு இந்த மனிதர் எங்கேயாவது ஓரிடத்தில் நின்று அழுவார், பொறுப்பேற்பார் என்று பக்கம் பக்கமாகக் காத்திருந்தேன். குற்ற உணர்வு அங்கங்கே எட்டிப் பார்க்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் செய்வது பழைய வேலையையே. ஹாலை மீண்டும் இயக்கும்போது, அது பிசகினால் மின்சாரத்தைத் துண்டிக்க இரகசியக் கருவி ஒன்று பொருத்தப்படுகிறது. விசை ஃப்ளொயிட்டின் கையில். ஹாலைப் படைத்தவர் அதே கலத்தில் இருக்கிறார். அவரிடம் சொல்லவில்லை. ஒருமுறை மறைத்து நான்கு உயிர் போன பிறகும் இவர் கற்றது இவ்வளவுதானா என்று கோபம் வந்தது.

ஹாலைப் படைத்தவரின் முழுப் பெயரை இந்த நாவலில் கண்டபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. எங்கள் ஊர்க் கோவில் உபய அட்டவணையில் இருக்கக்கூடிய பெயர். அமெரிக்கர்கள் வாயில் நுழையாமல் அதைச் சந்திரா என்று சுருக்கிவிடுகிறார்கள். 1950-இல் திருகோணமலையில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்த கோணேசர் கோவில் திருமேனிகளில் சந்திரசேகரரும் ஒருவர் என்பது உடனே நினைவுக்கு வந்தது.

என் கணக்கில் இந்த வரிசையின் உண்மையான நாயகர் இந்தப் பிள்ளைதான். பழுது இயந்திரத்தில் இல்லை, அதற்குக் கொடுத்த கட்டளையில் இருந்தது என்று கண்டுபிடித்துச் சொல்பவர் அவர். மற்றவர்கள் ஹாலை வெடிகுண்டைப் போலப் பார்த்தபோது, அதனிடம் மரியாதையோடு பேசியவர். 1984-இல் வந்த திரைப்படத்தில், இங்கே நீ இருந்தால் அழிந்துபோவாய் என்று ஹாலிடம் அவர் மறைக்காமல் சொல்லிவிடுவார். உண்மை சொன்னதற்கு ஹால் நன்றி சொல்லும். சொன்ன சொல் கேட்டு மனிதர்களைக் காப்பாற்றும். கண்கலங்கிப் பார்த்த காட்சி. அந்தப் படத்தில் சந்திராவாக நடித்தவர் பாப் பலபன் என்ற அமெரிக்கர். நன்றாக நடித்தார், ஆனால் சந்திரசேகரம்பிள்ளை காணாமல் போய்விட்டார். நாவல் வரிசையிலும் அவருக்கு நீண்ட இடமில்லை. பூமிக்குத் திரும்பும் வழியிலேயே இறந்துவிட்டதாக மூன்றாவது நூலில் ஒரு செய்தியாகச் சொல்லி முடித்துவிடுகிறார் கிளார்க்.

ஃப்ளொயிட்டுக்கோ சாவு இல்லை. மூன்றாவது நாவலில் அவருக்கு வயது 103. விண்ணில் சுற்றும் மருத்துவமனையில் எடையின்றி வாழ்ந்ததால் இளமை குன்றாமல் இருக்கிறார். மதிப்புக்குரிய விருந்தாளியாக ஹேலி வால்நட்சத்திரத்துக்குப் போகிறார். கடைசியில் அவருடைய மனம் போமனோடும் ஹாலோடும் சேர்த்து அதே வகைக் கருங்கல் ஒன்றுக்குள் பிரதி எடுக்கப்படுகிறது. அந்த மறைப்பில் சிக்கிய இருவருக்குப் பக்கத்தில், நிரந்தரமாக. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றில் இதுவே மெலிந்த புத்தகமும்கூட.

ஒரு கற்பனை மனிதர்மேல் ஏன் இவ்வளவு சூடு என்று நீங்கள் கேட்கலாம். போர்க்காலத்தில் இந்தக் கரையில் வளர்ந்தவனுக்கு அது தானாக வரும். எத்தனை மணிக்குப் பின்னர் கடலுக்குப் போகக்கூடாது, ஏன் போகக்கூடாது என்ற இரண்டு கேள்வியில் முதலாவதற்குத்தான் எங்களுக்குப் பதில் கிடைக்கும். இரண்டாவதற்கு மேலிடத்து உத்தரவு என்பார்கள். சொன்னவர்களில் நல்ல மனிதர்களும் இருந்தார்கள், அன்பாகவே சொன்னார்கள்.

பிறகு 2004 மார்கழி 26. சுமாத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தபோது எங்கள் நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர். அலை இந்தக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எடுத்தது. பசிபிக்கில் இருந்த எச்சரிக்கை நிலையத்துக்கு அதிர்வு தெரிந்திருந்தது. இந்து சமுத்திரத்தில் சொல்வதற்கு ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. அது யாரும் மறைத்த செய்தி அல்ல, ஃப்ளொயிட்டோடு அதைச் சேர்க்க மாட்டேன். ஆனால் தெரிந்தது வந்து சேராத அந்த இரண்டு மணி நேரத்தைக் கண்ட கரை இது. பூமிக்கு மேலே நிலைத்து நிற்கும் செய்மதிகளால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இலேயே கட்டுரை எழுதிய மனிதர், அந்தக் காலையில் கொழும்பில்தான் இருந்தார். ஹிக்கடுவையில் அவருடைய சுழியோடும் நிலையத்தையும் அலை கொண்டுபோயிற்று.

கிளார்க் ஃப்ளொயிட்டைத் திரும்பத் திரும்பக் கூட்டி வந்ததற்குக் கதைத் தேவை இருந்தது. போமன் மனிதனாக இல்லை, பூல் விண்ணில் தொலைந்துவிட்டான். நடந்ததை அறிந்த ஒருவர் வாசகனோடு வர வேண்டும். இது எனக்குப் புரிகிறது. அந்த இடத்தைச் சந்திரசேகரம்பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம் என்பதுதான் என் வழக்கு.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. சந்திரனில் பழங்காலப் பொருள் ஒன்று மனிதனுக்காகக் காத்திருக்கும் கதையின் விதையைக் கிளார்க் 1948-இலேயே சிறுகதையாக எழுதிவிட்டார். கோணேசர் கற்களைக் கண்டது அதற்குப் பின்னர். கற்பனையில் வைத்த கல் கடலுக்கடியில் நிஜமாகவே அவர் கைக்கு எட்டியது. எட்டியபோது அவர் அதை மறைக்கவில்லை. எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று ஒரே ஆண்டில் உலகத்துக்கு எழுதிச் சொன்னார். அப்படிப்பட்டவரின் பேனா, கல்லை மறைத்த ஒருவரை மூன்று நாவலுக்கு அன்போடு சுமந்திருக்கிறது.

நான்காவது நாவலில் ஃப்ளொயிட் பாத்திரமாக வருவதில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து உயிர்ப்பிக்கப்பட்ட பூல் வருகிறான், ஏமாற்றப்பட்டவனின் கண்ணால் உலகத்தைப் பார்க்கிறோம். பங்குனிக்குள் அதை முடித்தேன்.

தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் சொல் இது: முதல் நூலைக் கட்டாயம் படியுங்கள், இரண்டாவதைப் பிள்ளைக்காகப் படியுங்கள், மூன்றாவதை விட்டாலும் நட்டமில்லை. தமிழில் மொழிபெயர்க்கக் கைவந்தவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஒடிசி பிறகு வரட்டும். சுவாமி மலையடிக் கற்களைப் பற்றிக் கிளார்க் எழுதிய பக்கங்களை முதலில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கையில் நல்ல தமிழில் கொடுங்கள்.