பெருமிதமும் இளிவரலும்: பள்ளிப் பருவத்தினரின் மனவெழுச்சி, சமூக வளர்ச்சி – திருவண்ணாமலையை முன்வைத்து

முன்னுரை

ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பருவத்தில் குழந்தையின் உலகம் வீட்டு வாசலைக் கடந்து வகுப்பறை, விளையாட்டுத்திடல், தெரு என விரிகின்றது. தன்னைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் இப்பருவத்திலேயே வலுப்பெறுகின்றது. எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட ‘குழந்தைப் பருவமும் சமூகமும்’ என்னும் நூலில் மனித வாழ்வை எட்டு நிலைகளாகப் பகுத்து, நான்காம் நிலையைச் செயலூக்கத்திற்கும் தாழ்வுணர்விற்கும் இடையிலான போராட்டமாகக் காட்டினார். ஒரு செயலைச் செய்து முடித்து, அது பிறரால் மதிக்கப்படும்போது ‘என்னால் இயலும்’ என்னும் உணர்வு பிறக்கிறது. அம்மதிப்பு தொடர்ந்து மறுக்கப்படின் தாழ்வுணர்வு வேரூன்றும் என்பது அவர் கருத்து.

மெய்ப்பாட்டியல் நோக்கு

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் பெருமிதமும் இளிவரலும் இவ்விரு நிலைகளோடு ஒப்பிடத்தக்கன. (எட்டு என்னும் எண் இரண்டிடத்தும் வருவது தற்செயலே, அதனைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை.) பெருமிதம் தோன்றும் களங்கள் நான்கனுள் கல்வியே முதலில் வைக்கப்பட்டுள்ளது, தறுகண், புகழ், கொடை ஆகியன அதனைத் தொடர்கின்றன. இளிவரலின் களங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியன சுட்டப்படுகின்றன. மென்மையை எளிய நிலை எனக் கொள்ளின், வறுமையால் வகுப்பறையில் குறுகி நிற்கும் சிறாருக்கும் இவ்விலக்கணம் பொருந்தும். மெய்ப்பாடு செய்யுளுக்குரிய உறுப்பு. வளர்ச்சிப் படிநிலைகளைக் கூற எழுந்ததன்று. எனினும், உள்ளத்து உணர்வு உடல்வழி வெளிப்பட்டுக் காண்போர்க்குப் புலனாகும் என்னும் அதன் அடிப்படை ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படும். குனிந்த தலையும் தாழ்ந்த குரலும் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

கிரிவலப் பாதையும் வகுப்பறையும்

திருவண்ணாமலையில் முழுநிலவு நாள்தோறும் ஏறத்தாழ 14 கி.மீ. நீளமுள்ள கிரிவலப் பாதையில் மக்கள் திரள்கின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று அத்திரள் பன்மடங்காகும். அப்பாதையில் பூவும் கற்பூரமும் விற்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் மீதிச் சில்லறையை நொடியில் கணக்கிடுவான். அயல்மொழி பேசுவோரின் முகக்குறிப்பறிந்து விலை சொல்வான். கூட்டத்தில் வழி தவறிய முதியவருக்கு வழி காட்டுவான். பிறர் நிலையிலிருந்து நோக்குதல் எனச் சமூக வளர்ச்சி ஆய்வுகள் குறிப்பிடும் திறன் இதுவே. மறுநாள் காலை வகுப்பில் உறக்கக் கலக்கத்தோடு அமரும் அவனே ‘மந்தமானவன்’ எனப் பெயர் பெற நேரிடுகிறது. முந்தைய இரவின் பெருமிதம் காலையில் இளிவரலாகிறது.

இதனால் சிறாரின் உழைப்பைப் போற்ற வேண்டும் என்பதாகாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரத்திற்குப் புறம்பாகவும் விடுமுறையிலும் ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் சிறார் உதவ இடமளிக்கிறது. நள்ளிரவு வரை நீளும் விற்பனையை அவ்வுதவிக்குள் அடக்குவது பொருந்தாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) உடல் தண்டனையோடு மனத்தளவிலான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பட்டப்பெயரிட்டு அழைத்தல் அத்தடைக்கு உட்பட்டதே என்பதைப் பள்ளிகள் இன்னும் முழுமையாக உணரவில்லை.

செயல்வழி இணக்கம்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல் முறை இவ்வகையில் நினைக்கத்தக்கது. ஆசிரியர் மாணவரோடு தரையில் அமர்ந்தார். கரும்பலகை குழந்தைக்கு எட்டும் உயரத்திற்கு இறங்கியது. அவரவர் வேகத்தில் ஏணிப்படியில் முன்னேற வழி பிறந்தது. முதல்வன், கடையன் என்னும் வரிசை அங்கு நெகிழ்ந்தது. அட்டைகளை நிரப்புவதே கற்றலாகச் சுருங்கிய இடங்களில் அப்பயன் கிட்டவில்லை.

திருவண்ணாமலையை அடுத்து 2009இல் தொடங்கப்பெற்ற மருதம் பண்ணைப் பள்ளி வேறொரு வழியைக் காட்டுகிறது. சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பிள்ளைகளும், பிற மாநிலங்களிலிருந்தும் நாடுகளிலிருந்தும் வந்து தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கு ஒன்றாகப் பயில்கின்றனர். வேளாண்மை, கைவினை, மலையேற்றம், மரம் நடுதல் ஆகியன பாடத்தின் பகுதிகள். நாற்று நடுகையில் சிற்றூர்ச் சிறுமி கற்பிப்பவளாகவும், ஆங்கிலம் சரளமாகப் பேசும் தோழி கற்பவளாகவும் இடம் மாற இயலும். அவ்விடமாற்றம் நிகழ வாய்ப்பளிக்கும் கால அட்டவணை, முப்பத்தைந்து பேர் அமர்ந்த அரசுப் பள்ளி வகுப்பிலும் வாரத்திற்கு ஒரு பாடவேளை அமையக்கூடியதே.