பத்து டிகிரி திருப்பம்: ப்ரோக்ரெஸிவ் பிரஸ்ஸை செட் பண்றது எப்படி?

ஸ்பிரிங்பேக், வொர்க் ஹார்டனிங், டாலரன்ஸ் ஸ்டாக்-அப். இந்த மூணு வார்த்தையையும் ரெண்டு மார்க் கேள்விக்காக நாம எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்போம். மூணும் ஒண்ணா வந்து நிக்கிற ஒரு மேஜை இயந்திரம் இருக்கு. பேரு ப்ரோக்ரெஸிவ் ரீலோடிங் பிரஸ். அமெரிக்காவுல துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போற பலர், சுட்டு முடிச்ச ரைஃபிள் தோட்டாவோட பித்தளைக் கூட்டை மறுபடி பயன்படுத்த இதை வீட்டு கராஜ்லயே வெச்சிருக்காங்க. அந்தக் கூட்டை அவங்க கேஸ்னு சொல்வாங்க. நாமளும் அப்படியே வெச்சுக்கலாம்.

முதல்லயே ஒரு விஷயம். அங்க சொந்த உபயோகத்துக்குத் தோட்டாவை ரீலோட் பண்ண மத்திய அரசோட லைசென்ஸ் தேவையில்ல, விக்கிறதுக்குத்தான் வேணும். இந்தியாவுல கதை வேற. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். அதனால இந்தக் கட்டுரையில மருந்து பத்தியோ குண்டு பத்தியோ ஒண்ணும் கிடையாது. காலி கேஸைத் தயார் பண்ற வேலையும், அதுக்கு அந்த மெஷினை எப்படி செட் பண்றாங்கன்றதும் மட்டும்தான். ஒரு ப்ரொடக்ஷன் லைனை இவ்ளோ சின்ன சைஸ்ல புரிஞ்சுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

கேஸுக்கு என்ன ஆகுது?

கேஸ் 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த பித்தளை. மெட்டீரியல் சயின்ஸ் புத்தகத்துல இதுக்குப் பேரே கார்ட்ரிட்ஜ் பிராஸ்தான். ஒரு பாட்டில் மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க. மேல கழுத்து, அதுக்குக் கீழ சரிவா தோள், அப்புறம் உடம்பு, அடியில கெட்டியான தலைப்பகுதி. தலையோட நடுவுல இருக்கிற குழியில பிரைமர் உக்காந்திருக்கும்.

சுடும்போது உள்ள பயங்கரமான அழுத்தம் உருவாகும். 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி வெச்சிருக்கிற உச்ச வரம்பு 62,000 பி.எஸ்.ஐ. கார் டயர்ல நாம அடிக்கிற காத்து 30 பி.எஸ்.ஐ. சொச்சம். அந்த அழுத்தத்துல பித்தளை விரிஞ்சு சேம்பர் சுவரோட ஒட்டும், அப்புறம் கொஞ்சமா சுருங்கி வெளிய வரும். வரும்போது அது பழைய அளவுல இருக்காது. உடம்பு பெருத்திருக்கும், தோள் முன்னாடி போயிருக்கும், கழுத்து விரிஞ்சிருக்கும்.

அதனால மறுபடி பயன்படுத்துறதுக்கு முன்னாடி நாலு வேலை இருக்கு: பழைய பிரைமரை வெளிய தள்ளணும், உடம்பையும் தோளையும் டைக்குள்ள அமுக்கி அளவுக்குக் கொண்டு வரணும், நீளத்தை வெட்டணும், கழுத்தோட உள்விட்டத்தைச் சரி பண்ணணும்.

மெஷின் எப்படி வேலை செய்யுது?

சாதாரண பிரஸ்ல ஒரு நேரத்துல ஒரு டைதான். ப்ரோக்ரெஸிவ்ல ஷெல் பிளேட்னு ஒரு வட்டத் தட்டு இருக்கும், அதுல சுத்தி கேஸ்கள் நிக்கும். மேல டூல்ஹெட்ல அதே வட்டத்துல டைகள். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தா எல்லா ஸ்டேஷன்லயும் ஒரே நேரத்துல வேலை நடக்கும். திரும்ப விட்டா தட்டு ஒரு இடம் நகரும். தட்டு நிறைஞ்ச பிறகு ஒரு இழுப்புக்கு ஒரு கேஸ் முடிஞ்சு விழும்.

டில்லன் எக்ஸ்எல் 650, ஹார்னடி லாக்-என்-லோட் மாதிரி மெஷின்கள்ல அஞ்சு ஸ்டேஷன். கேஸ் தயாரிப்புக்கு மட்டும் செட் பண்ணும்போது பொதுவான ஏற்பாடு இது: முதல் ஸ்டேஷன்ல சைஸிங் டை, இதுலயே பிரைமரைத் தள்ளுற ஊசியும் இருக்கும். ரெண்டாவது காலி. மூணாவதுல மோட்டார் வெச்ச டிரிம் டை. நாலாவதுல கழுத்தை உள்ளிருந்து விரிக்கிற மேண்ட்ரல். அஞ்சாவது காலி.

வரிசையை ஏன் மாத்தக் கூடாது? உடம்பைச் சுத்தி அமுக்கினா பித்தளை எங்கயாவது போகணும்ல? கழுத்துப் பக்கம் நீளும். அதனால முதல்ல வெட்டிட்டு அப்புறம் சைஸ் பண்ணா, வெட்டினதுக்கு அர்த்தமே இல்ல. அதே மாதிரி டிரிம் டை கழுத்தை இறுக்கிப் பிடிச்சுத்தான் வெட்டும், அதனால மேண்ட்ரல் அதுக்குப் பின்னாடிதான் வரணும்.

கைப்பிடியைத் தொடுறதுக்கு முன்னாடி

கேஸ்களை ஒவ்வொண்ணா கண்ணால பாக்கணும். சுடாத தோட்டா ஒண்ணு கூட கலந்திருக்கக் கூடாது. உள்ள ரெண்டு சின்ன ஓட்டை இருந்தா அது பெர்டன் வகை, ஊசி உடைஞ்சிடும், ஒதுக்கிடணும். தலைக்குக் கொஞ்சம் மேல பளபளன்னு வளையம் தெரிஞ்சா அங்க உலோகம் இழுபட்டு மெலிஞ்சிருக்குன்னு அர்த்தம். வளைச்ச கம்பி ஒண்ணை உள்ள விட்டுத் தடவினா பள்ளம் கையில தட்டும். அந்த கேஸ் குப்பைக்கு.

அடுத்தது, கம்பெனி வாரியா பிரிக்கிறது. ஒவ்வொருத்தரோட பித்தளைக்கும் கடினம் வேற, சுவர்த் தடிமன் வேற. பல தடவை சுட்ட கேஸ் வொர்க் ஹார்டன் ஆகி ஸ்பிரிங்பேக் அதிகமா காட்டும். எல்லாத்தையும் கலந்து போட்டா டை ஒரே இடத்துல இருந்தாலும் வெளிய வர்ற அளவு ஆடும்.

சுத்தம் பண்ணும்போது அம்மோனியா கலந்த பாலிஷ் கூடாது. இதுக்குப் பின்னாடி நம்ம ஊர் வரலாறு ஒண்ணு இருக்கு. பிரிட்டிஷ் காலத்துல இந்தியாவுல மழைக்காலம் வந்தா தோட்டாக்களைக் குதிரை லாயத்துல வெச்சிருந்தாங்க. திரும்ப எடுத்துப் பாத்தா பித்தளை தானாவே விரிசல் விட்டிருந்துச்சு. மழை சீசன்ல வந்ததால சீசன் கிராக்கிங்னு பேரு வந்துச்சு. குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அம்மோனியாவும், கேஸுக்குள்ள மிச்சமிருந்த அழுத்தமும் சேர்ந்துதான் காரணம்னு 1921-ல விளக்கம் வந்துச்சு. நாம இன்னிக்குப் படிக்கிற ஸ்ட்ரெஸ் கரோஷன் கிராக்கிங்தான் அது.

கடைசியா லூப்ரிகன்ட். லேனோலினையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலையும் கலந்து தெளிக்கிறது வழக்கம். இது குறைஞ்சா கேஸ் டைக்குள்ள மாட்டிக்கும், இழுத்தா அடி விளிம்பு பிஞ்சு வரும். மூணாவது ஸ்டேஷன்ல என்ன நடந்துட்டு இருந்தாலும் சரி, மொத்த லைனும் அங்கயே நிக்கும்.

அந்தப் பத்து டிகிரி

இப்போ முக்கியமான இடம். சைஸிங் டை தோளை எவ்ளோ பின்னாடி தள்ளணும்? சுட்ட கேஸோட தோள் இருக்கிற இடத்துல இருந்து வெறும் 2 தௌ, அதாவது 0.05 மி.மீ. செமி ஆட்டோமேடிக் ரைஃபிளா இருந்தா 3 இல்ல 4 தௌ வரைக்கும் போவாங்க. ஒரு ஏ4 பேப்பரோட தடிமன் சுமார் 0.1 மி.மீ. அதுல பாதியைத்தான் பேசிட்டு இருக்கோம்.

குறைவா தள்ளினா ரைஃபிள் போல்ட் மூடாது. அதிகமா தள்ளினா? சேம்பருக்குள்ள கேஸுக்கு முன்னாடி காலி இடம் விடும். சுடும்போது கேஸோட முன்பகுதி சுவரோட ஒட்டிக்கும், தலை பின்னாடி நகரும், நடுவுல உலோகம் இழுபடும். மறுபடி மறுபடி இப்படியே நடந்தா ஒரு நாள் தலை தனியா, உடம்பு தனியா பிரியும். முகத்துக்குப் பக்கத்துல அவ்ளோ அழுத்தத்துல வாயு பீறிட்டு வர்றது விளையாட்டு இல்ல. முன்ன சொன்ன பளபள வளையம் இதுக்கான எச்சரிக்கைதான்.

டையோட வெளி மரை 7/8-14. அதாவது ஒரு அங்குலத்துக்கு 14 மரை. டையை ஒரு முழு சுத்து திருப்பினா 25.4-ஐ 14-ஆல வகுத்த அளவு, அதாவது சுமார் 1.81 மி.மீ. இறங்கும். அப்போ 0.05 மி.மீ.க்கு? கணக்குப் போட்டா கிட்டத்தட்ட பத்து டிகிரி வரும். கடிகாரத்துல நிமிஷ முள் ரெண்டு நிமிஷத்துல 12 டிகிரி நகரும். அதைவிடக் குறைவு. டையோட தலையில மார்க்கர் பேனாவால ஒரு கோடு போட்டுட்டுத் திருப்புறது ஏன்னு இப்போ புரியுதா?

இதை அளக்க சாதா வெர்னியர் மட்டும் போதாது. தோள் சரிவா இருக்கிறதால, அதுல எந்த விட்டத்துல அளக்குறோம்னு முதல்ல முடிவு பண்ணணும். 308-க்கு 0.400 அங்குல விட்டம்தான் டேட்டம். அந்த விட்டத்துல ஓட்டை போட்ட கம்பேரேட்டரை காலிப்பர்ல மாட்டி, அடியில இருந்து அந்த டேட்டம் வரைக்கும் அளப்பாங்க. சுட்ட கேஸ் பத்து எடுத்து, பிரைமரைத் தள்ளிட்டு, அளந்து எழுதி வெச்சுக்கணும். அதுதான் ஆரம்பப் புள்ளி.

டையை எப்பவும் மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். ஏன்னா ரெண்டு தப்பும் ஒரே மாதிரி இல்ல. தோள் நீளமா வந்தா இன்னொரு தடவை ஓட்டிச் சரி பண்ணலாம். அதிகமா உள்ள போயிட்டா பிரஸ்ஸால அதைத் திரும்ப வெளிய கொண்டு வர முடியாது. லாக் ரிங்கை இறுக்கும்போதும் ஒரு கேஸை டைக்குள்ள முழுசா ஏத்தி வெச்சுக்கிட்டே இறுக்கணும். இல்லன்னா மரையில இருக்கிற சின்ன இடைவெளியே நம்ம பத்து டிகிரியைத் தின்னுடும்.

தனியா சரி, சேர்ந்தா தப்பு

சரி, முதல் ஸ்டேஷனை செட் பண்ணியாச்சு. டிரிம்மரைத் தனியா செட் பண்ணியாச்சு. மேண்ட்ரலும் ஆச்சு. எல்லாமே அளவுல இருக்கு. லைனை ஓட்டினா தோள் அளவு மாறியிருக்கும்!

காரணம் விறைப்புத்தன்மை. பிரஸ்ஸோட ராம் நடுவுல இருக்கு, டைகள் சுத்தி வட்டத்துல இருக்கு. ஒரே ஒரு ஸ்டேஷன்ல மட்டும் கேஸ் இருந்தா விசை மையத்துல விழாது, தட்டு லேசா சாயும், டூல்ஹெட்டும் அது நிக்கிற பள்ளத்துல மயிரிழை அளவு அசையும். மத்த ஸ்டேஷன்கள்லயும் கேஸ் வந்ததும் விசை பரவுற விதமே வேற. தட்டு கொஞ்சம் நிமிரலாம், இல்ல மொத்த விசை கூடி எல்லாமே இன்னும் கொஞ்சம் வளையலாம். எந்தப் பக்கம் மாறும், எவ்ளோ மாறும்ன்றது மெஷினைப் பொறுத்தது. ஆனா நம்ம மொத்த இலக்கே 0.05 மி.மீ.தான்றப்போ இந்த அசைவை ஒதுக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. டிரிம் டையும் உள்ளுக்குள்ள ஒரு சைஸிங் டைதான். அதை அதிகமா இறக்கிட்டா தோளை அதுவும் தள்ளும். தோளைக் கடைசியா தொடுற டைதான் அளவைத் தீர்மானிக்கும். முதல் ஸ்டேஷனை எவ்ளோ அழகா செட் பண்ணியிருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

அதனால முறை இதுதான். ஒவ்வொரு டையையும் முதல்ல தனியா, கொஞ்சம் மேலயே நிறுத்தி செட் பண்ணுங்க. அப்புறம் தட்டை முழுசா நிரப்பி ஓட்டுங்க. எல்லா ஸ்டேஷனையும் தாண்டி வெளிய விழுந்த கேஸை மட்டும் அளந்து, அதை வெச்சுக் கடைசித் திருத்தம் பண்ணுங்க. கைப்பிடி கடைசிப் புள்ளியில ஒரு செகண்ட் நிக்கட்டும். பித்தளைக்கு அந்த நேரம் கொடுத்தா ஸ்பிரிங்பேக் ஒரே மாதிரி வரும்.

ஒரு பேட்ச்ல முதல் சில கேஸும் கடைசி சில கேஸும் தட்டு பாதி காலியா இருக்கும்போது சைஸ் ஆனவை. அதைத் தனியா எடுத்து வெச்சு அளக்கணும். சந்தேகம்னா அடுத்த பேட்சோட நடுவுல சேர்த்து ஓட்டிடலாம்.

நீளத்துக்கும் இதே ஒழுங்குதான். 308 கேஸோட உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டி நிறுத்துறது 2.005-ல. உச்ச அளவைத் தாண்டின கழுத்து சேம்பர் முனையில போய் இடிச்சு, குண்டை நெரிச்சுப் பிடிச்சு, அழுத்தத்தை ஏத்திடும். டிரிம்மர்ல வர்ற பித்தளைத் துருவலை வேக்குவம் வெச்சு இழுக்கலன்னா, ஷெல் பிளேட்டுக்கு அடியில போய் உக்காந்து உயரத்தையே மாத்தும். மறுபடி தோள் அளவு போச்சு. பாத்தீங்களா, மூணாவது ஸ்டேஷன் குப்பை முதல் ஸ்டேஷன் அளவைக் கெடுக்குது.

ராணுவ கேஸா இருந்தா பிரைமர் குழியோட விளிம்பு உள்பக்கமா மடிஞ்சிருக்கும். அதை ஸ்வேஜ் பண்ணி விரிக்கணும். டில்லன் சூப்பர் 1050-ல மொத்தம் எட்டு ஸ்டேஷன், அதுல மூணாவது இதுக்குன்னே இருக்கு. கீழ இருந்து ஒரு கம்பி குழிக்குள்ள ஏறும், மேல இருந்து இன்னொரு கம்பி கேஸுக்குள்ள இறங்கித் தாங்கும். மேல் கம்பி சரியா தாங்கலன்னா கேஸ் தூக்கிக்கும், குழி அரைகுறையா விரியும்.

ஓட ஆரம்பிச்ச பிறகு

செட் பண்ணியாச்சுன்னு கையை ஆட்டிட்டே இருக்கக் கூடாது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு தடவை, உதாரணமா 50 கேஸுக்கு ஒண்ணு, எடுத்துத் தோளையும் நீளத்தையும் அளந்து எழுதணும். எழுதினா என்ன தெரியும்? அளவு ரெண்டு பக்கமும் சிதறுனா பித்தளை கலந்திருக்கு, இல்ல லூப்ரிகன்ட் சீரா படல. ஒரே பக்கமா மெதுவா நகர்ந்துட்டே போனா லாக் ரிங் தளர்ந்திருக்கலாம், இல்ல துருவல் சேர்ந்திருக்கலாம். திடீர்னு குதிச்சா ஏதோ உடைஞ்சிருக்கு. கண்ட்ரோல் சார்ட்னு நாம கட்டம் போட்டு வரையுறோமே, அதோட வேலை இதுதான்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனியா டெஸ்ட்ல பாஸ் ஆகி, சேர்த்ததும் படுத்துக்கிற அனுபவம் உங்கள்ல நிறைய பேருக்கு இருக்கும். அப்போ எந்த மாட்யூல் மேல தப்புன்னு தேடுவோம். இந்த பிரஸ் வேற ஒரு கேள்வியைக் கேக்க வைக்குது: அளவை எங்க நின்னு எடுத்தோம்? லைன் முழுசா ஓடும்போது, கடைசியில வெளிய வர்ற பொருள் மேல எடுக்கிற அளவுதான் அளவு. மத்ததெல்லாம் அங்க போய்ச் சேர உதவுற குறிப்பு மட்டும்தான்.